சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் இதயம்: அதை ஆராய எந்த வழியால் போவது?

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள், சிறுவயதில் புற்றுநோய் வந்து சுகமானவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் இருதய நோய்களை ஆராய வேண்டுமென்று நிற்கிறாள், இப்படியொரு படிப்பு இருக்கிறதா, படித்தால் வேலை கிடைக்குமா என்று கோண்டாவிலிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்.

அம்மா, அந்தப் பெயரில் ஒரு முதற்பட்டம் இலங்கையில் இல்லை. தேடி அலையவும் வேண்டாம். வைத்தியம், மருந்தாளர் படிப்பு, தாதியியல், ஆய்வுகூட விஞ்ஞானம், புள்ளிவிபரவியல் என்று எதைப் படித்தவரும் வந்து சேரக்கூடிய ஆய்வுத் துறை இது. மகள் முதலில் ஒரு தொழிலைக் கையில் எடுக்க வேண்டும். சம்பளம் அந்தத் தொழிலிலிருந்து வரும், ஆய்வு அதன்மேல் ஏறும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "இருதயப் புற்றுநோயியல் ஆய்வாளர்" என்று வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

விடயம் என்னவென்று வீட்டிலும் விளங்கியிருப்பது நல்லது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், எலும்புக் கட்டி போன்றவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஆந்த்ராசைக்கிளின் என்றொரு குடும்பம் உண்டு. டொக்சோரூபிசின், டோனோரூபிசின் இரண்டும் அதைச் சேர்ந்தவை. ஏற்றும்போது சிவப்பாகத் தெரியும். வாட்டில் பிள்ளையோடு நின்ற பெற்றோருக்கு அந்த நிறம் மறக்காது. உயிரைக் காப்பாற்றும் அதே மருந்து இதயத் தசைக் கலங்களில் டோப்போஐசோமெரேஸ் 2 பீட்டா என்ற நொதியத்தோடு சேர்ந்து டி.என்.ஏ.யை முறிக்கிறது, கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகளையும் கெடுக்கிறது. இதயத் தசைக் கலங்கள் புதிதாக உருவாவது மிகவும் குறைவு. அதனால் இழந்தது இழந்ததுதான். பிள்ளை வளர வளர வேலை கூடும், தசை கூடாது. பத்து, இருபது வருடம் கழித்து, சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில், பலவீனம் வெளியே வரும். நெஞ்சுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்திருந்தால் இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள், வால்வுகள், இதயத்தைச் சுற்றியுள்ள உறை என்று சேதத்தின் முகமே வேறு. வட அமெரிக்காவில் 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டு, பின் 5 வருடம் கடந்து வாழ்ந்தவர்களை அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, இதயச் செயலிழப்பு ஆபத்து ஏறத்தாழ 6 மடங்கு என்று காட்டியது.

இந்தத் துறையில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு முதலில் கிடைக்கும் வேலை பழைய பைல்களைப் பிரித்து மருந்தின் மொத்த அளவைக் கணக்கிடுவது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் பிழைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. ஒரு பிள்ளை 100 செ.மீ உயரம், 16 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி, 3600ஆல் பிரித்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் மேற்பரப்பு 0.67 சதுர மீற்றர். அன்று ஏற்றியது 20 மி.கி டொக்சோரூபிசின் என்றால், சதுர மீற்றருக்கு 30 மி.கி. சிகிச்சை வருடக் கணக்கில் நீளும்போது பிள்ளையும் வளரும். ஆகவே ஒவ்வொரு தடவைக்கும் அன்றைய உயரம், நிறையை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். அவசரத்தில் கடைசி நிறையை வைத்து மொத்தத்தையும் ஒரே அடியாகப் பிரித்தால் அளவு குறைவாகக் காட்டும்.

அடுத்த பொறி, மருந்துகளை அப்படியே கூட்டுவது. ஒருவருக்கு சதுர மீற்றருக்கு டொக்சோரூபிசின் 150 மி.கி.யும் டோனோரூபிசின் 120 மி.கி.யும் கொடுத்திருக்கிறார்கள். கூட்டினால் 270. சர்வதேச வழிகாட்டலின்படி 250ம் அதற்கு மேலும் உயர் ஆபத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை. ஆனால் இதயத்துக்குச் செய்யும் கெடுதலில் டோனோரூபிசின், டொக்சோரூபிசினின் 0.5 முதல் 0.6 பங்குதான். அதால் பெருக்கிக் கூட்டினால் 210க்கும் 222க்கும் இடையில் வரும். அது நடுத்தர ஆபத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எக்கோ போதும். ஆள் ஒன்று, மருந்து ஒன்று, கணக்கு மாறினால் கிளினிக் திகதி மாறுகிறது. நெஞ்சுக் கதிர்வீச்சு 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது ஆந்த்ராசைக்கிளின் 100 அல்லது அதற்கு மேலும் கதிர்வீச்சு 15 கிரே அல்லது அதற்கு மேலும் சேர்ந்து வந்தால், அதுவும் உயர் ஆபத்தே.

எக்கோவிலும் கவனம் வேண்டும். இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தத்தின் வீதத்தை ஈ.எஃப் என்பார்கள். சாதாரண இருபரிமாண எக்கோவில், ஆளுக்கு ஒன்றும் நடக்காமலே, இரண்டு தடவைக்கு இடையில் 10 புள்ளி வரை வித்தியாசம் வரலாம். 62 இருந்து 55க்கு வந்துவிட்டதே என்று பதறுவதற்கு முன், அளந்தவர் ஒருவரா, மெசின் ஒன்றா என்று கேட்கப் பழக வேண்டும். தசை சுருங்கும் அளவைப் பார்க்கும் ஸ்ட்ரெய்ன் என்ற அளவீடு சேதத்தை முந்திக் காட்டும், ஆனால் கம்பனிக்குக் கம்பனி மென்பொருள் வேறு, எண்ணும் வேறு.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருந்தாலும், நாட்டின் சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெரிய நிலையம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைதான். பிள்ளையின் பைல் அங்கே, பிள்ளை இங்கே. வீட்டில் இருப்பது ஒரு டயக்னோசிஸ் கார்டும் (நோய்விபர அட்டை) கிளினிக் கொப்பியும். அதில் நோயின் பெயர் இருக்கும், மருந்தின் மொத்த அளவு பெரும்பாலும் இராது. இருபது வயதில் மூச்சு வாங்குகிறது என்று போதனா வைத்தியசாலைக்குப் போனால், சிறுவயது மருந்தைப் பற்றிக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் தெரியாது. நடுவில் இடப்பெயர்வு, வெளிநாடு, விலாச மாற்றம். இந்த இடைவெளியை அடைக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது.

சரி, வழிகள். வைத்தியம் கிடைத்தால் போகலாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள்: எம்.பி.பி.எஸ் 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம், பிறகு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, எம்.டி, வெளிநாட்டுப் பயிற்சி. விசேட நிபுணராக வெளியே வர பதினைந்து வருடத்துக்குக் கிட்ட ஆகும். என் கணிப்பில், இந்த ஆய்வுக்கு மருந்தாளர் படிப்பு வைத்தியத்துக்கு அடுத்தபடியாக அல்ல, சமமாக நிற்கிறது. மேலே சொன்ன மருந்தளவுக் கணக்கு முழுக்க அவர்களுடைய களம். டெக்ஸ்ராசொக்சேன் போன்ற இதயப் பாதுகாப்பு மருந்துகளும் அப்படியே. யாழ். பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருந்தாளர், ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல் மூன்றும் 4 வருடப் பட்டங்கள். இதயத்தின் பாதிப்பைக் காட்டும் ட்ரோப்போனின், பி.என்.பி போன்ற இரத்தப் பரிசோதனைகள் ஆய்வுகூடப் பக்கம். ஆட்களைத் தேடிப்பிடித்து வருடக்கணக்கில் தொடர்பில் வைத்திருப்பது தாதியர் பக்கம், அது சரியில்லையென்றால் ஆய்வே படுத்துவிடும்.

ஏன் படுத்துவிடும் என்றால், கிளினிக்குக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால் வருத்தம் உள்ளவர்களே கூட வருவார்கள், ஆபத்துப் பெரிதாகத் தெரியும். இடையில் வேறு காரணத்தால் இறந்தவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் அதே கோளாறு. இதைச் சரிக்கட்டும் புள்ளிவிபர முறைகளைத் தெரிந்த ஆட்களுக்குத்தான் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. மகள் எந்தப் பட்டம் செய்தாலும் இதைப் பக்கத்தில் படிக்கட்டும். ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம். அதன் சர்வைவல் தொகுப்புக்குள்ளேயே நுரையீரல் புற்றுநோய் நோயாளர் தரவு ஒன்று பயிற்சிக்கு இருக்கிறது. வைத்தியசாலைப் பைல்களைப் பார்க்க இப்போதே ஆரையாவது பிடிக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரும் காட்டக்கூடாது.

வெளிநாட்டுப் படிப்பு முகவர்கள் பற்றியும் ஒரு சொல். காணியை ஈடு வைத்து வெளிநாட்டில் இந்தப் பெயரில் முதற்பட்டம் செய்ய அனுப்பாதீர்கள். வெளியே போக வேண்டிய கட்டம் கலாநிதிப் பட்டம். அங்கே நல்ல இடங்களில் உதவித்தொகை அவர்களே தருவார்கள்.

பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் விருப்ப வரிசையைக் கவனமாகப் போடுங்கள். கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு யூனி-கோட் உண்டு. இசட் புள்ளிக்கு எட்டுவதில் வரிசையில் மேலே உள்ளதே கிடைக்கும். ஆகவே வைத்தியபீடக் கோட்களை எல்லாம் எழுதிய பிறகு மருந்தாளர், ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல் மூன்றுக்கும் யாழ்ப்பாணத்தோடு பேராதனையின் கோட்களையும் சேருங்கள். வைத்தியம் தவறினால் உயர்தரத்தை இன்னொரு முறை எழுதட்டும், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். மூன்றாவது முறைக்கு மட்டும், கிடைத்த மருந்தாளர் இடத்தை விட்டுவிட்டு இருக்க விடாதீர்கள்.