வாசகர் கேள்வி – பதில்: ட்ரலீ மேடைக்கு எங்கள் மகள் போகலாமா?

கேள்வி: என் மாமனார் 1950களில் மருத்துவம் படிக்க டர்பனிலிருந்து டப்ளினுக்குப் போனவர். அங்கே கெர்ரி மாவட்டத்தைச் சேர்ந்த செவிலியர் ஒருவரை மணந்துகொண்டார். அந்தத் திருமணம் அன்றைய தென்னாப்பிரிக்காவில் செல்லாது என்பதால் இருவரும் ஜாம்பியாவின் லுசாக்காவிலேயே வாழ்ந்து மறைந்தார்கள். என் கணவர் 1992இல்தான் டர்பனுக்குத் திரும்பினார். டப்ளினில் வேலை செய்யும் எங்கள் 24 வயது மகளை, அயர்லாந்தின் ட்ரலீ நகரில் நடக்கும் ‘ரோஸ் ஆஃப் ட்ரலீ’ விழாவின் வட்டாரத் தேர்வில் கலந்துகொள்ளும்படி உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். அழகிப் போட்டி என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். அவளுடைய நிறத்தையும் தமிழ்ப் பெயரையும் கண்டு அங்கே முகம் சுளிப்பார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, அவளுக்கு விருப்பம் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

பெரியவர்களின் ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ட்ரலீயில் நீச்சலுடைச் சுற்று கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில், அயர்லாந்தின் மாவட்டங்களிலிருந்தும் ஐரிஷ் மக்கள் குடியேறிய வெளிநாடுகளிலிருந்தும் தேர்வாகி வரும் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மேடையேறி, தங்கள் குடும்பம், வேலை, ஊர் பற்றித் தொகுப்பாளரோடு உரையாடுகிறார்கள். விரும்பியவர்கள் ஒரு பாட்டோ கவிதையோ நடனமோ அளிக்கிறார்கள். இரண்டு இரவுகள் நடக்கும் இதை அந்நாட்டின் தேசியத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டுகிறது. நடுவர்கள் மேடைக்கு வெளியேயும் அவர்களைச் சந்தித்துப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். நீண்ட கவுனும் இறுதியில் சூட்டப்படும் மகுடமும் இருப்பதால் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அழகிப் போட்டிபோலத் தோன்றுவது இயல்புதான். பெண்களைப் பழைய அச்சில் வார்க்கும் விழா இது என்று அயர்லாந்திலேயே குறை சொல்பவர்கள் உண்டு. அதை நான் முழுவதும் மறுக்க மாட்டேன். ஆனால் திருமணமான பெண்களும் கலந்துகொள்ளலாம் என்றும், 18 முதல் 29 வயது வரை வரலாம் என்றும், கோவிட் காலத்துக்குப் பின் 2022இல் விழா மீண்டும் நடந்தபோது விதிகள் தளர்த்தப்பட்டிருந்தன.

விழாவுக்குப் பெயர் தந்த பாடலின் கதையை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ட்ரலீயில் வாழ்ந்த வில்லியம் மல்ச்சினாக் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, தன் வீட்டில் பணிபுரிந்த மேரி ஓ’கானர் என்ற ஏழைப் பெண்ணை விரும்பினார் என்பது ஊர் மரபு. அவர் புராட்டஸ்டன்ட், அவள் கத்தோலிக்கப் பெண்; குடும்பம் ஒப்பவில்லை. அவர் ஊரைவிட்டு இந்தியாவுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது மேரியின் சவ ஊர்வலம்தான் எதிரே வந்தது என்று சொல்கிறார்கள். அவளுடைய அழகு மட்டும் என்னை வெல்லவில்லை, அவள் கண்களில் விடிந்த உண்மைதான் வென்றது என்பது பாடலின் சாரம். இன்றும் தேர்வுக்கு அதையே அளவுகோலாகச் சொல்கிறார்கள். உங்கள் மாமனாருக்கும் மாமியாருக்கும் குறுக்கே நின்றது சட்டம். வெள்ளையரும் மற்றவரும் மணப்பதைத் தடுத்த தென்னாப்பிரிக்காவின் 1949ஆம் ஆண்டுக் கலப்பு மணத் தடைச் சட்டம், இந்நாட்டு ஆண் வெளிநாட்டில் செய்துகொண்ட அத்தகைய திருமணத்தையும் இங்கே செல்லாததாக்கியது, 1985இல்தான் நீக்கப்பட்டது. குடும்பம் பிரித்த ஒரு காதலின் பெயரால் நடக்கும் விழாவில், சட்டம் பிரிக்க முயன்றும் பிரியாத இருவரின் பேத்தி நிற்பதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தோன்றவில்லை.

நிறத்தைப் பற்றிய உங்கள் பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. நம் ஊரில் வளர்ந்த எவருக்கும் அது காரணமில்லாமல் வருவதில்லை. 1959இல் தொடங்கியபோது இவ்விழாவில் ட்ரலீ ஊர்ப் பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். பிறகு கெர்ரி முழுவதற்கும், 1967இல் ஐரிஷ் பிறப்போ வம்சாவளியோ உடைய எல்லாப் பெண்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதன் பலன் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. 1998இல் வென்ற லுஸ்வெமிண்டா ஓ’சல்லிவனின் தாய் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். 2018இல் வென்ற கிர்ஸ்டன் மாட்டே மாஹெரின் தந்தை, உங்கள் கணவர் வளர்ந்த அதே ஜாம்பியாவைச் சேர்ந்தவர். இடையில் 2010இல் மகுடம் சூடிய கிளேர் கம்பமெட்டு, இந்தியத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்தவர். அயர்லாந்தில் வளர்ந்து, லண்டனில் வசித்ததால் அந்நகரின் பெயரால் வந்தவர். பெயரைச் சுருக்கவோ மாற்றவோ வேண்டாம் என்பதற்கு இந்தக் ‘கம்பமெட்டு’வே போதும்.

மேடையில் நேரம் குறைவு. மகள் தன் ஆயாவின் கதையை மட்டும் சொல்லிவிட்டுத் தாத்தாவை விட்டுவிடக் கூடாது. இனவொதுக்கலை எதிர்த்து இரு நாடுகளையும் இணைத்தவர்களைப் பற்றியும் ஒரு வாக்கியம் இருக்கட்டும். நம் ஸ்டாங்கரில் பிறந்த காதர் அஸ்மால் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் கற்பித்தபடியே அங்கே எதிர்ப்பியக்கத்தை வளர்த்தார். 1984இல் டப்ளின் கடையொன்றில் மேரி மேனிங் என்ற இளம் விற்பனைப் பெண் தென்னாப்பிரிக்கப் பழத்தை விற்க மறுத்ததால் மூண்ட வேலைநிறுத்தம், 1987இல் அயர்லாந்து நம் விளைபொருட்களைத் தடைசெய்யும் வரை நீடித்தது. அங்குள்ள முதியவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். நம் வீட்டுப் பெண் ஒருத்தி அதற்கு நன்றி சொன்னால் அவர்கள் மனம் நெகிழும்.

நடைமுறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா வட்டாரங்களும் எல்லா ஆண்டும் தேர்வு நடத்துவதில்லை. ஆகவே டப்ளின் வழியாகவா, ஆயா பிறந்த கெர்ரி வழியாகவா என்பதை விழா அலுவலகத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயாவின் பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து வையுங்கள். பங்கேற்பவருக்கு உள்ளூர்க் கடையோ நிறுவனமோ ஆதரவாளராக இருப்பது வழக்கம். உடைச் செலவு, விடுப்பு எல்லாம் யார் பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வட்டாரத் தேர்வில் ஒருவர்தான் ட்ரலீக்குப் போவார். மற்றவர்களுக்கு அந்த மாலையே விழா. அதையும் அவள் மனத்தில் கொள்ளட்டும்.

கேள்வி: மேற்படி பெண்ணின் தோழி நான்; இருவரும் மெரிபேங்கில் ஒரே ஆசிரியையிடம் பரதம் பயின்றோம். மேடையில் அவள் பரதம் ஆடலாமா, அல்லது ஐரிஷ் நடனம் கற்றுக்கொள்வது நல்லதா?
– ஒரு வாசகி, டர்பன்

பதில்: பரதமே ஆடட்டும். சில வாரங்களில் கற்ற ஐரிஷ் நடனத்தைக் குழந்தைப் பருவம் முதல் அதை ஆடிவருபவர்கள் முன் ஆடிக்காட்டுவது அவளுக்கும் நல்லதல்ல, அந்தக் கலைக்கும் மரியாதையல்ல. பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தை நினைக்கவே வேண்டாம். அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். தில்லானாவின் கடைசிப் பகுதியை இரண்டு நிமிடத்துக்குள் அடக்கி, ஆசிரியையைக் கொண்டு நட்டுவாங்கத்தோடு (சொற்கட்டும் தாளமும்) பதிவுசெய்து அனுப்புங்கள். முழு ஆடை அலங்காரத்துக்கு அங்கே நேரம் கிடைக்காது. பயிற்சிச் சேலையும் சலங்கையும் போதும். தரை வழுக்குமா, கம்பளம் விரித்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் கம்பளத்தின்மேல் தட்டினால் அடவின், அதாவது கால்தட்டும் அடிப்படை அசைவின், ஓசை எழாது. ஆடும் முன் தாளத்தை ஒருமுறை கையால் போட்டுக் காட்டட்டும். குதிகாலாலும் பாதத்தாலும் தாளம் எழுப்பும் நடனம் அவர்களுடையதும்தான் என்பதால், அந்த அரங்கு அதை உடனே பிடித்துக்கொள்ளும்.