புழுப்புண் நாய்க்கு மாட்டு எண்ணெய் தடவலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் இருக்கிறேன். அடிபட்ட தெருநாய்களையும் பூனைக்குட்டிகளையும் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறேன். இப்போது வந்துள்ள நாய்க்குக் காதின் பின்புறம் புழுப்புண். மஞ்சள் அப்பியும் ஆறவில்லை. பக்கத்து வீட்டில் மாட்டின் குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை, துளசி, மருதாணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வைத்திருக்கிறார்கள். புழு இருந்தால் கற்பூரமும் கலப்பார்களாம். அதை நாய்க்கும், தோல் உரியும் பூனைக்குட்டிக்கும் தடவலாமா?

பதில்: அந்த எண்ணெய் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கோமாரிக் கால்புண்ணுக்குப் பரிந்துரைக்கும் மரபு மருந்துதான், மாடு வளர்ப்போருக்கு நானும் அதைச் சொல்வதுண்டு. ஆனால் நாய்க்கும் பூனைக்கும் அதைத் தடவ வேண்டாம். மேலே தடவும் மருந்து எதுவானாலும் இவற்றுக்கு அது உள்ளே போகும் மருந்துதான். காதின் பின்னால் நாக்கு எட்டாது என்று நீங்கள் நினைக்கலாம். நாய் பின்னங்காலால் அந்த இடத்தைச் சொறிந்துவிட்டு, அந்தக் காலை நக்கும். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கக்கூடியவை. காய்ச்சுவதால் அந்தக் குணம் போய்விடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். கற்பூர எண்ணெய் பூசப்பட்டு, துடித்தபடி என் மேசைக்கு வந்த ஒரு குட்டியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கொண்டுவந்தவர் அன்போடுதான் அதைச் செய்திருந்தார். பல மருந்துகளையும் நறுமண எண்ணெய்களையும் முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஆகவே யூகலிப்டஸ் தைலம், பினாயில், நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் உண்ணிப்பொடி ஆகியவையும் பூனையின் அருகே வரக்கூடாது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து மெல்லும்.

மஞ்சள் ஏன் பலிக்கவில்லை என்றால், குழைத்து அப்பிய மஞ்சள் காய்ந்து பொருக்காகிவிடுகிறது. புழுக்கள் அதன் அடியில் பாதுகாப்பாக இருந்து சதையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. முதலில் புழு வெளியேற வேண்டும். துணியால் நாயின் வாயைத் தளர்வில்லாமல், மூச்சு முட்டாமல் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சிரைக்கும் நாய்க்கு வெயில் நேரத்தில் இப்படிக் கட்டக்கூடாது. புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, பள்ளம் நிறையச் சுத்தமான தேங்காய் எண்ணெயை விடுங்கள். புழுக்கள் பின்முனையால் மூச்சு விடுபவை. எண்ணெய் அதை அடைத்ததும் சில நிமிடங்களில் மேலே வரத் தொடங்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். பிறகு, கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் கல்லுப்புக் கரைத்துக் கழுவுங்கள். ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது. மறுநாளும் அதன் மறுநாளும் பாருங்கள். டர்பென்டைன் ஊற்றினால் புழு உடனே வெளியே வருவது உண்மைதான், ஆனால் பச்சைப் புண்ணில் அது கொடும் எரிச்சலைத் தந்து இரத்தத்திலும் கலக்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

இது மருத்துவரிடம் கொண்டுபோகும் வரைக்குமான முதலுதவியே. ஆழத்தில் உள்ள புழுவைக் கொல்லும் மருந்தும், வலி நீக்கியும், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் எடைக்கேற்ற அளவில் மருத்துவர்தான் தர வேண்டும். புண் காதுத் துளைக்குள்ளோ கண்ணருகிலோ போயிருந்தால், வீட்டில் எதையும் முயலாமல் அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இயற்கை மருந்துக்கு உரிய இடம் அதன் பிறகு வருகிறது. புழு நீங்கி, புண் சிவந்து சுத்தமாகத் தெரியும்போது கலப்படமில்லாத தேனை மெல்லியதாகத் தடவி, காஸ் துணியால் மூடி, தினமும் மாற்றுங்கள். தேனின் மிகுந்த சர்க்கரைச் செறிவு நுண்ணுயிரிகளின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அதன் அமிலத்தன்மையும் அவற்றைப் பெருகவிடாது. நக்கினாலும் கெடுதல் இல்லை. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி, ஈ மொய்க்காமல் கொசுவலைக்குள் வையுங்கள்.

பூனைக்குட்டியின் தோல் உரிவது படையாகவோ சொறிப்பூச்சியாகவோ இருக்கலாம். இரண்டும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை. தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கும் வரை எதையும் பூசாமல், தனியே வைத்து, தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலியில் இருக்கும் நாய் கடிக்கும். கடித்த இடத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாயோ வைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குச் செல்லுங்கள். வெறிநோய் கண்டபின் அதற்கு எந்த முறையிலும் நம்பத்தக்க சிகிச்சை கிடையாது. தெருநாய்களை அடிக்கடி கையாளும் உங்களைப் போன்றவர்கள் 0, 7, 28 ஆகிய நாட்களில் போடும் முன்காப்பு ஊசியை இப்போதே போட்டுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.