ஸ்டிக்கர் இல்லாத பழைய மவுண்டன் பைக்கின் மாடலையும் வருஷத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கலிஃபோர்னியாவில் ஒரு கராஜ் சேலில் வாங்கியது, மேலே யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அடியில் இருக்கிற நம்பரை கூகுளில் போட்டால் ஒன்றும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. கார் சேசிஸ் நம்பர் போல சைக்கிளுக்கு அன்று பொதுவான முறை எதுவும் கிடையாது. ஃப்ரேம் செய்த தொழிற்சாலை தன் கணக்குக்குக் குத்திய எண் அது. 80களில் தைவானின் ஜெயன்ட், அமெரிக்காவின் ஷ்வின்னுக்கும் சைக்கிள் செய்து கொடுத்தது. பிராண்ட் தெரிந்த பிறகுதான் அந்த நம்பரால் பயன். முதலில் வருஷத்தைப் பிடியுங்கள்.

அதற்கு நல்ல வழி, கியர், பிரேக் செய்யும் ஜப்பான் கம்பெனியான ஷிமானோவின் பாகங்களில் இருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள். பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் உள்பக்கம், பின் கியர் மாற்றியின் பின்புறம், பிரேக் கைகளின் பின்புறம் ஆகிய இடங்களில் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முதல் எழுத்து வருஷம்: ஏ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக, கே 1986, எம் 1988, பி (P) 1991. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆக 'எம் ஜே' என்றால் 1988 அக்டோபர். இலையுதிர் காலத்தில் செய்த பாகம் பெரும்பாலும் அடுத்த வருஷ மாடலில்தான் ஏறும். எனவே அது 1989 மாடலாக இருக்கலாம். 2002-ல் எழுத்து மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கியதையும் மறக்க வேண்டாம்.

"பாகத்தை மாற்றியிருப்பார்கள், இதை நம்பாதே" என்று கீழே கமென்ட்டில் யாராவது வருவார்கள். மாற்றியிருப்பார்கள்தான். அதனால் ஒரு பாகத்தை வைத்து முடிவு கட்டச் சொல்லவில்லை. நான்கைந்து பாகங்களைப் படியுங்கள். மூன்று பாகங்கள் சில மாத இடைவெளிக்குள் இருந்து ஒன்று மட்டும் 1997 என்றால், அந்த ஒன்றுதான் பிறகு வந்தது. செயின், பல்சக்கரம், டயர், சீட் எல்லாம் தேய்ந்து மாறுகிறவை. அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அடுத்து ஃப்ரேம். இது பொய் சொல்வது குறைவு. பின் சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் இரண்டு காதுகளின் உள் இடைவெளியை அளங்கள். 126 மி.மீ. என்றால் 80களின் முற்பகுதி, 130 என்றால் பிற்பகுதி, 135 என்றால் ஏறக்குறைய 1990-க்குப் பிறகு. ஸ்டீல் ஃப்ரேமை விரித்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் இதையும் தனியாக நம்ப வேண்டாம். பின் பிரேக், பெடலுக்குப் பக்கத்தில் செயின் ஓடும் குழாய்க்கு அடியில் இருக்கிறதா? அப்படியானால் 1986-88 வாக்கில் வந்த மோஸ்தர். சேறு அங்கேயே அப்பிக்கொண்டதால் சீக்கிரம் கைவிட்டார்கள். இப்போது வி-பிரேக் மாட்டியிருந்தாலும், சீட்டுக்குக் கீழே இரு குழாய்களுக்கு நடுவில் கேபிள் நிறுத்தும் பாலம் இருந்தால் அது, கேபிள் நடுவிலிருந்து இழுக்கும் பழைய பாணி கேன்டிலீவர் பிரேக்குக்குப் பிறந்த ஃப்ரேம். பெரும்பாலும் 1996-க்கு முந்தையது.

ஹேண்டில் கழுத்தின் மேல் நட்டுக்கு 32 மி.மீ. ஸ்பேனர் பொருந்தினால் ஒரு அங்குல ஸ்டியரர் (ஃபோர்க்கிலிருந்து ஹேண்டிலுக்கு ஏறும் குழாய்), 36 என்றால் 1 1/8 அங்குலம், 40 என்றால் 1 1/4. கேட்டலாக்கோடு ஒப்பிட இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்கில் ஐந்து போல்ட் இருந்தால் பக்கத்துப் பக்கத்து போல்ட் மையங்களை அளங்கள்: 64.7 மி.மீ. என்றால் போல்ட்கள் அமரும் வட்டத்தின் விட்டம் 110 மி.மீ., பழையது, 55.3 என்றால் 94 மி.மீ., 90களின் நடுப்பகுதி. பின்னால் ஏழு பல்சக்கரம் என்பதை மட்டும் வைத்து 1990 என்று சொல்லிவிடாதீர்கள், மலிவு சைக்கிள்களில் அது இன்றுவரை வருகிறது.

இதையெல்லாம் பார்க்காமல் 'அரிய விண்டேஜ்' என்று விளம்பரம் போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? அதிலும் படம் எடுப்பது செயின் இல்லாத பக்கத்திலிருந்து! அடையாளம் காண உதவும் அத்தனையும் மறுபக்கத்தில் இருக்கிறது.

வருஷம் இரண்டு மூன்றுக்குள் சுருங்கிய பிறகு அந்தக் காலத்து கேட்டலாக் ஸ்கேன்களைத் தேடுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள். குழாய்கள் சேரும் இடத்தில் லக் (குழாய்களைச் செருகி இணைக்கும் உலோக உறை) இருக்கிறதா, நேரடி வெல்டிங்கா. கேபிள் மேல் குழாயில் ஓடுகிறதா, கீழ்க் குழாயிலா. பாட்டில் மாட்டும் துளைகள் எத்தனை ஜோடி என்று ஒப்பிடுங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி-1 போல லக் வைத்தவை குறைவு என்பதால் அவை சட்டென்று பிடிபடும். அந்தக் கம்பெனி அமெரிக்க விற்பனையை 1994-உடன் நிறுத்திக்கொண்டது என்பதால் மேல் எல்லையும் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்த நம்பர். சைக்கிளைக் கவிழ்த்து, கேபிள் ஓடும் பிளாஸ்டிக் துண்டின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், பாதி எண் அதற்கடியில் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ் போதும். கம்பி பிரஷ் போட்டால் மெலிதாகக் குத்திய எண் அழிந்துவிடும். பெயின்ட் அடைத்திருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்தத் தாளையும், செயின் பக்கத்துப் படத்தையும் சேர்த்து இங்கே போடுங்கள்.