தினமும் குளித்தும் தோலில் தொற்று வருவது ஏன்?

தினமும் குளிப்பவர்களுக்கும் சேற்றுப்புண், படர்தாமரை எல்லாம் வருகிறதே, எப்படித் தடுப்பது என்பது பலரின் கேள்வி. கிருமிகள் தோலுக்குள் புகுந்து பெருகுவதுதான் தோல் தொற்று.

நம் தோலின் மேல் கிருமிகள் எப்போதுமே இருக்கின்றன. அவற்றை வெளியே நிறுத்துவது தோலின் மேலடுக்கு. அதை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள்தான் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்புதான் சிமென்ட். ஈரம் தேங்கினால் சுவர் ஊறிப் பெயரும், வறண்டால் விரிசல் விடும். இரண்டுமே கிருமிக்கு வழி.

அதனால் குளிப்பதைவிடத் துவட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்பேன். கால் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் விரித்துப் பாருங்கள். அந்த இடுக்கு வெள்ளையாக ஊறி, தோல் உரிந்திருந்தால் பூஞ்சை குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம். முகத்தைத் துடைக்கும் அக்கறையோடு அங்கேயும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வறண்ட கை கால்களுக்கு மாய்ஸ்சரைசர் பூசுங்கள், விரல் இடுக்கில் வேண்டாம். சின்னச் சிராய்ப்பு என்றாலும் கழுவி மூடிவையுங்கள். துண்டு, ரேசர் ஆளுக்கொன்று இருக்கட்டும்.

அப்புறம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் பார்ப்பது மிக அவசியம். சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சோப்பை அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தொற்று வராது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அப்படித் தேய்ப்பது அந்தச் சிமென்ட்டையே கரைத்துவிடுகிறது.