ஃபிளாஸ்கில் வெந்நீர்

அன்புள்ள அண்ணன்,

ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் குழு சனிக்கிழமைதோறும் பேருந்து நிலையத்தில் நற்செய்திக் கைப்பிரதி கொடுக்கப் போகிறது. எத்தனை கொடுத்தோம், எத்தனை பேரிடம் பேசினோம் என்று நோட்டில் எழுத வேண்டும். என் எண்ணிக்கைதான் எப்போதும் குறைவு. எனக்குப் பேச வருவதில்லை. ‘உன் வாயை விரிவாய்த் திற, அவர் நிரப்புவார்’ என்கிறார் குழுத் தலைவர். ‘ஆவியானவர் ஏவாமல் பேசாதே, காத்திரு’ என்கிறார் அப்பா. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பன் இந்து. மூன்று வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம், இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன மாதம் அவன் அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது, ‘உங்க சர்ச்ல எங்கம்மாவுக்கு வேண்டிக்கச் சொல்றியா’ என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். தேவ நடத்துதலை எப்படித்தான் அறிந்துகொள்வது?

ஒரு வாசகன், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டை முதலில் ஓரமாக வையுங்கள். கொடுத்த தாள்களை எண்ணலாம், தப்பில்லை. வாங்கியவர் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதை யார் எண்ணுவது? கொரிந்து சபையில் ஆளாளுக்கு ஒரு ஊழியரைத் தூக்கிப் பிடித்தபோது, நட்டது நான், நீர் பாய்ச்சியது அப்பொல்லோ, விளையச்செய்தது தேவன் என்று பவுல் எழுதிவிட்டார்.

உங்கள் தலைவர் சொன்ன வசனம் 81-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. கடைசிவரை வாசித்துப் பாருங்கள். எகிப்திலிருந்து மீட்ட ஜனத்துக்குத் தேவன் சோறு போடுகிற பேச்சு அது. கோதுமையிலும் கன்மலைத் தேனிலும் போய் முடிகிறது. திறக்கச் சொன்னது பசித்த வாயை. எப்படிப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொன்னதும், பிடிபட்டு அதிகாரிகள் முன்னால் நிறுத்தப்படப்போகிறவர்களுக்கு. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரை மறிக்கிற நமக்கு அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் அப்படி மறித்தவன்தான். இருபத்திரண்டு வயதில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் கைப்பிரதி கொடுக்கப் போனேன். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த பெரியவர் ஒருவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். எழுந்து போக முடியாதவரிடம் பேசுகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முடித்ததும், ‘தம்பி, இந்த ஃபிளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர் வாங்கித் தர்றீங்களா’ என்றார். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். கையில் இன்னும் பத்துப் பிரதிகள் இருந்தன. அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது ஃபிளாஸ்க் ஸ்டூல் மேல் அப்படியே இருந்தது. அவர் தூங்கியிருந்தார். என் கைப்பிரதியை நாலாக மடித்து, ஈ விழாமல் டம்ளருக்கு மூடியாக வைத்திருந்தார். அன்று காலை புறப்படும் முன் முழங்காலில் நின்று, ‘ஆண்டவரே, இன்று என்னை நடத்தும்’ என்று ஜெபித்திருந்தேன். அவர் நடத்தினார். ஃபிளாஸ்கை நீட்டிய கையை நான்தான் பார்க்கவில்லை.

இனி அப்பா சொன்ன ‘காத்திரு’. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி பவுலை ஆவியானவர் தடுக்கிறார். (ஆசியா என்றால் இங்கே கண்டம் இல்லை, இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்.) பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கேயும் தடை. அவர் நடப்பதை நிறுத்தவில்லை, துரோவா வரை வந்துவிட்டார். அங்கே இரவில் ஒரு தரிசனம்: மக்கெதோனியன் ஒருவன் நின்று, வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும் என்கிறான். அவன் கேட்டது பிரசங்கம் இல்லை, உதவி. கடல் தாண்டி பிலிப்பிக்குப் போய், ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அங்கே கூடிவந்த பெண்களோடு பேசுகிறார்கள். அவர்களில் இரத்தாம்பரம் என்னும் ஊதாநிறத் துணி விற்கிற லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் திறக்கிறார். அவள் எந்த ஊர்க்காரி தெரியுமா? தியத்தீரா. பவுலை எந்த ஆசியாவில் பேசாதே என்று தடுத்தாரோ, அதே ஆசியாவில் இருக்கிற ஊர். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடுவேன்.

அப்புறம், பேச வருவதில்லை என்கிறீர்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்குத் தமிழே தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. அந்த வருடங்களில் அவரும் உடன் ஊழியரும் தமிழர்களிடம் கேள்விகள் எழுதிக் கேட்டு, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். கடவுளை நம்பிக் கப்பல் ஏறியவர்தான். ஆனாலும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நடத்துதலை எப்படி அறிவது என்று கேட்கிறீர்கள். ‘வேண்டிக்கச் சொல்றியா’ என்று உங்கள் நண்பன் கேட்டதை அதற்கு மேலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள். துரோவாவில் பவுலுக்குக் கேட்ட குரலும் அதுதானே? அவன் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டான். நீங்கள் சரி என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது. சபையில் ஜெபித்தீர்களா?

அந்த அம்மாவின் பெயர் கடிதத்தில் இல்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். டயாலிசிஸ் வாரத்தில் எந்தெந்த நாள், கூட யார் போகிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்டு எனக்கும் எழுதுங்கள். இராத்திரி எங்கள் வீட்டு ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம்.

அன்புடன்,
அண்ணன்