காட்டுக்குள் இருக்கும் கோட்டைக்கு யார் கணக்கில் சுண்ணாம்பு?

கேள்வி: அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் பழைய கோட்டைகளையும் வீடுகளையும் பழுதுபார்க்க அரசு தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்று பலர் வாதாடுவதாகப் படித்தேன். இங்கே நம் பகுதியில் பள்ளிக்கூடக் கூரையே ஒழுகுகிறது. இந்த நிலையில் மலை உச்சியில் இடிந்து நிற்கும் மதிலுக்கும் காட்டுக்குள் கிடக்கும் கல்திட்டைக்கும் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னம்) பணம் கேட்பது நியாயமா? காட்டுக்குள் இருப்பதை இயற்கையிடமே விட்டுவிடலாமே?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நியாயம்தான். பள்ளிக்கூடமா, கோட்டையா என்று இரண்டையும் மோதவிடும் கேள்வி, இரண்டுக்குமே பணம் தர மனமில்லாதவர்களுக்கு மிகவும் வசதியானது. அதை நாமே அவர்கள் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கட்டடம் கட்டப் பணம் வந்தது, திறப்பு விழா நடந்தது, கல்வெட்டில் பெயர்களும் ஏறின. ஆண்டுதோறும் மழைக்கு முன் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலைச் சருகை அள்ளுவதற்கு மட்டும் எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. மலைக்கோட்டையின் மதில் சரிவதற்கும் காரணம் இதுவேதான். இடிந்தால் கோடிக் கணக்கில் கேட்கலாம், இடியாமல் பார்த்துக்கொள்ள ஆயிரக் கணக்கில் கேட்க முடியாது என்னும் விசித்திரமான வழக்கம் நம் நிதி ஒதுக்கீட்டில் ஊறிப்போயிருக்கிறது.

அமெரிக்க விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தேசியப் பூங்காப் பணித்துறையை உருவாக்கிய 1916-ஆம் ஆண்டுச் சட்டம், இயற்கைக் காட்சியையும் வரலாற்றுப் பொருள்களையும் காட்டுயிரையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, மூன்றையும் காக்கும் பொறுப்பை ஒரே துறையிடம் கொடுத்தது. அப்படியிருந்தும் தள்ளிப்போட்ட பழுதுவேலைகள் மலைபோல் குவிந்தன. 2020-இல் நிறைவேறிய ஒரு சட்டம், கூட்டரசு நிலங்களில் கிடைக்கும் எண்ணெய், எரிவாயு முதலியவற்றின் வருவாயிலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 190 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கியது. அதில் 70 விழுக்காடு தேசியப் பூங்காக்களுக்கு. சட்டம் வந்தபோது பாக்கி வேலைகளின் மதிப்பு ஏறத்தாழ 1,200 கோடி டாலர். சில ஆண்டுகளில் அது 2,200 கோடியைத் தாண்டிவிட்டது. மதிப்பிடும் முறை மாறியதும் விலைவாசி ஏறியதும் இதற்குக் காரணங்கள் என்பதையும், அந்தத் தொகையில் பெரும்பங்கு சாலைகளுக்கும் குழாய்களுக்கும் உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஐந்தாண்டு நிதி என்பது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றாகாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஃபுளோரிடாவின் தென்கோடியில் கடலுக்கு நடுவே உள்ள டிரை டொர்டுகாஸ் தேசியப் பூங்காவில் ஜெஃபர்சன் கோட்டை இருக்கிறது. 1846-இல் தொடங்கி, கடைசிவரை கட்டி முடிக்கப்படாத அந்தக் கோட்டையில் ஒரு கோடியே அறுபது லட்சம் செங்கற்கள் இருக்கின்றன. அதன் பீரங்கித் துளைகளில் எதிரியின் குண்டைத் தடுப்பதற்காக இரும்புக் கதவுகளைப் பதித்தார்கள். உப்புக்காற்றில் அந்த இரும்பு துருவேறி உப்பி, சுற்றியிருந்த செங்கற்களை வெளியே தள்ளிவிட்டது. எதிரி உடைக்காத சுவரை அதன் கவசமே உடைத்தது. இப்படிப்பட்ட சிதைவை "இயற்கையிடம் விடுவது" என்று சொல்லிக் கைகழுவ முடியுமா?

நம் பகுதியில் இரும்பின் வேலையை அரசமரம் செய்கிறது. பறவை எச்சத்தில் வந்து விழும் விதை, இரண்டு கருங்கற்களுக்கு இடையில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்கில் முளைக்கும். செடி விரல் பருமனில் இருக்கும்போது வேரோடு எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பது ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் செய்யும் வேலை. மேலே மட்டும் வெட்டிவிட்டுப் போனால் மறுமழையில் இரண்டு கிளையாகத் துளிர்க்கும். பத்தாண்டு விட்டுவிட்டால் வேர் தொடைப் பருமனாகி, அதை எடுத்தால் மதிலும் சேர்ந்து சரியும், எடுக்காவிட்டாலும் சரியும். அப்போதுதான் மதிப்பீடு தயாரிக்கிறார்கள், ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள், சிமெண்டு மூட்டையும் மலையேறுகிறது. சிமெண்டு பழைய காரையைவிட இறுகலானது, ஈரத்தை வெளியே விடாதது. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் பக்கத்துக் கல்லையும் காரையையும் அரிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்க ஆளில்லை.

வேலூர் நகருக்கு நடுவே அகழி சூழ நிற்கும் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த இடம் என்பதால் பாடநூலிலும் இருக்கிறது, பேருந்தில் போகிறவர் கண்ணிலும் படுகிறது. குறை இருந்தால் மறுநாளே யாராவது செய்தித்தாளுக்கு எழுதுவார்கள். ஆனால் அதே ஊருக்குக் கிழக்கே மலைமேல் நிற்கும் சஜ்ரா, கோஜ்ரா கோட்டைகளுக்காக அப்படி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? 1677-78 மராத்தியர் முற்றுகையோடு சேர்த்துப் பேசப்படும் அந்த மதில்களைக் கீழேயிருந்து பார்த்து "அது ஏதோ கோட்டை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஜவ்வாது மலையில் "குள்ளர் குகை" என்று அங்குள்ளவர்கள் சொல்லும் பெருங்கற்காலக் கல்திட்டைகளும், மலையாம்பட்டு அருகே சமண ஓவியங்களின் திட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கும் அர்மாமலைக் குகையும் இன்னும் தள்ளி இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் அந்த ஓவியங்களை எவ்வளவு பணம் கொடுத்தும் புதிதாக வரைய முடியாது. அங்கே வேண்டியது பழுதுபார்ப்பு அல்ல, ஒரு காவலரும் ஒரு வேலியும்தான்.

வட ஆர்க்காட்டில் தேசியப் பூங்கா எதுவும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். பூங்கா இல்லை, காப்புக்காடு இருக்கிறது, சிக்கலும் அதேதான். காட்டில் கிடக்கும் கல் தொல்லியல் துறையின் அக்கறை, அது கிடக்கும் நிலம் வனத்துறையின் பொறுப்பு. வனத்துறை ஒவ்வொரு கோட்டத்துக்கும் வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒரு செயல்திட்டம் தயாரிக்கிறது. எங்கே மரம் நடுவது, எங்கே தடுப்பணை கட்டுவது, எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டுவது என்றெல்லாம் அதில் எழுதப்படுகிறது. கோட்டைக்கும் நடுகல்லுக்கும் குகைக்கும் அதில் ஒரு தலைப்பும், அந்தத் தலைப்புக்கு நேரே ஒரு தொகையும் வேண்டும் என்பதுதான் என் வாதம். மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 1938-க்குப் பிறகு 2022-இல்தான் தொல்லியல் துறை முறையாகக் கணக்கெடுத்தது; இருபத்தாறு குகைகளும் இருபத்தாறு கோயில்களும் அதில் பதிவாயின. இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றை யார் பராமரித்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நாடெங்கும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டிருந்த 3,693 சின்னங்களில் 248 இடங்களில் மட்டுமே காவலர்கள் இருந்ததாக 2022-இல் அரசே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. அந்தப் பட்டியலில் ஏறாதவற்றின் கதி எப்படி இருக்கும்?

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியில் ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை. பணம் வந்தால் கூடவே தார்ச்சாலை வரும், வண்ண விளக்கு வரும், எஃகுக் கைப்பிடியும் சிற்றுண்டிக் கடையும் வரும். சும்மா விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல வைத்த சீரமைப்புகளை நாம் பார்க்காமல் இல்லை. ஆகவே நிதியைக் கேட்கும்போதே நிபந்தனையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: புதிய சாலை கூடாது, சிமெண்டு கூடாது, இரவு விளக்கு கூடாது, வேலைக்கு முடிந்தவரை மலையில் வாழ்கிறவர்களையே எடுக்க வேண்டும். காட்டுத் தடமும், செடி முளைக்கும் பருவமும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

முதல் வேலையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் பகுதியில் காப்புக்காட்டுக்குள் அல்லது அதன் ஓரத்தில் உள்ள தொல்லியல் சின்னங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் கடந்த பத்தாண்டில் எவ்வளவு செலவிடப்பட்டது என்று வனத்துறையையும் தொல்லியல் துறையையும் தனித்தனியே கேளுங்கள். "அது எங்கள் பொறுப்பில் இல்லை" என்று இரண்டு துறைகளும் எழுதிக் கொடுத்தால் வருந்த வேண்டாம். அந்த இரண்டு பதில்களும்தான் உங்கள் மனுவுக்கு முதன்மையான சான்று. இரண்டையும் இணைத்து, செயல்திட்டத்தில் ஆண்டுதோறும் பராமரிப்புத் தொகை சேர்க்கக் கோரி, திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்ட வன அலுவலருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். பள்ளிக் கூரையைப் பற்றித் தனி மனு ஒன்றையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டின் நகலையும் எங்களுக்கு அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம்.