சாக்சபோன் பேட் ஒட்டிக்கொண்டால் பவுடர் போடலாமா?

ராயபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஆல்டோ சாக்சபோனில் ஜி ஷார்ப் கீயை அழுத்தினாலும் பேட் (துளையை மூடும் தோல் மெத்தை) திறக்கவில்லை, டால்கம் பவுடர் போடலாமா என்று.

தயவுசெய்து போடாதீர்கள். முதலில் சரியானது போலத் தெரியும். அப்புறம் பவுடர் எச்சிலோடு சேர்ந்து பசையாகி, இன்னும் மோசமாக ஒட்டும்.

ஜி ஷார்ப்பில் விரல் நேரடியாகப் பேடைத் தூக்குவதில்லை. நீங்கள் அழுத்தும்போது பேடை மூடி வைத்திருக்கும் பிடி மட்டும்தான் விலகும். தூக்குவது ஒரு மெல்லிய ஸ்பிரிங். அதனால் கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தாலும் ஸ்பிரிங் தோற்றுவிடும். போதாக்குறைக்கு வாசிக்காத நேரமெல்லாம் இந்தப் பேட் மூடியே கிடக்கிறது.

மெல்லிய ஒற்றுத்தாளைப் பேடுக்கு அடியில் வைத்து, மெதுவாக மூடித் திறங்கள். தாளில் பழுப்பு வளையம் பதியும், அதுதான் அழுக்கு. இடம் மாற்றி மாற்றி ஒற்றுங்கள். மூடியபடியே தாளை உருவாதீர்கள், தோல் கிழியும். அப்படியும் போகவில்லையென்றால், பஞ்சுக்குச்சியில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, துளையின் விளிம்பையும் பேடில் படிந்த வளையத்தையும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நிறைய ஊற்றினால் தோல் விறைத்துப்போகும்.

வடசென்னையில் கடற்காற்றின் ஈரம் வேறு. தேர் பவனியில் வாசித்துவிட்டு ஈரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதான் பெரிய கெடுதல். துணி விட்டு உள்ளே துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். இடைவேளையில் சர்க்கரை போட்ட டீ குடித்தால், வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். அந்த இனிப்புதான் பேடில் பசையாகப் படிகிறது.

தோல் வெடித்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, பேடை மாற்றுங்கள்.